தட்டினால் ஓடு

ஜூன் 16

கல்லூரி திறந்தது. மைதானம் முழுக்க நெருஞ்சி. தோட்டக்காரரிடம் மே மாதமே சொல்லிவிட்டுப் போனேன். "ஒரு மழ பெய்யட்டும்னு பாத்தேன் மேடம்" என்கிறார். நெருஞ்சிக்கு மழை ஒரு கேடா!

பத்து மணிக்குப் பிரின்சிபல் சிஸ்டர் கூப்பிட்டார். சாப்ட்பால் டீம் தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது, ஒரு கோப்பைகூட அலமாரிக்கு வரவில்லை என்றார். இரண்டு முறை இரண்டாமிடம் வந்தோமே என்றேன். "இரண்டாமிடத்துக்கு அலமாரில தட்டு கிடையாதே, மரியபுஷ்பம்" என்று சிரித்தார். சிஸ்டர் சிரித்தால் முடிவு எடுத்தாகிவிட்டது என்று பொருள். இந்த ஆண்டு பல்கலைக்கழகக் கோப்பை வராவிட்டால் அடுத்த ஜூனில் சாப்ட்பாலுக்கான நான்கு இடங்கள் இல்லை. அந்த நான்கு பெண்களுக்குப் படிப்பும் விடுதியும் இலவசம். வருஷா வருஷம் அதை வைத்துத்தான் நான் பிள்ளைகளைப் பிடிக்கிறேன். இனி அது வாலிபாலுக்குப் போகுமாம்.

வாலிபாலுக்கு! ஐம்பத்தொரு வயதில் எனக்கு இந்த அவமானம் வேண்டுமா? கோப்பையைக் கொண்டுவந்து சிஸ்டர் மேஜைமேல் வைக்கிறேன், பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஜூன் 20

ஆள் எடுப்பு. சாப்ட்பால் ஆடிய பெண் என்று யாரும் என்னிடம் வருவதில்லை. "கிரிக்கெட் மாதிரியா மேடம்?" என்றுதான் வருகிறார்கள். ஹேண்ட்பாலில் கழிக்கப்பட்டவள், ஈட்டி எறிந்தவள், த்ரோபாலில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவள் என்று சேர்த்துத்தான் ஆறு வருஷமாக டீம் கட்டுகிறேன். பந்தை எறியத் தெரிந்தால் போதும். அடித்துவிட்டு மூன்று பேஸையும் தொட்டு, கிளம்பின இடமான 'வீட்டுக்கு'த் திரும்பினால் ஒரு ரன் என்பதிலிருந்து மற்றதை எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன்.

கேப்டன் ஷகிலா பானுதான். மூன்றாம் ஆண்டு, கடையநல்லூர்க்காரி, மட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கிற கேட்சர். வாய் ஓயாது. ஆனால் ஆட்டத்தை அவள் அளவுக்குப் படிக்கிறவள் இங்கே யாரும் இல்லை.

இன்றைக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். முப்பிடாதி. ஆலங்குளம் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறார். பள்ளியில் மாநில அளவில் கோ-கோ ஆடியிருக்கிறாள், நம் கல்லூரியில் கோ-கோ கிடையாது. ஓடச் சொன்னேன். விசிலை ஊதிவிட்டு நிறுத்து கடிகாரத்தை அமுக்க மறந்துபோனேன், அப்படி ஓடினாள்.

ஜூன் 27

இன்று சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இரண்டு பேஸுக்கு நடுவில் முப்பிடாதி மாட்டிக்கொண்டாள். முன்னால் ஒருத்தி பந்தோடு நிற்கிறாள், பின்னால் பேஸ் காலி. திரும்பி ஓடினால் பிழைத்தாள். இவளோ நேரே போய் பந்து வைத்திருந்தவள் கையில் மோதினாள்.

"ஏட்டி, திரும்ப வேண்டியதுதான?"

"திரும்புனா பவுல் இல்லியா மேடம்?"

கோ-கோவில் விரட்டுகிறவள் ஒரு திசை எடுத்தால் திரும்பக் கூடாது. பத்து வருஷமாகக் காலில் ஊறிய பழக்கம். இன்னொரு பழக்கமும் உண்டு: முதுகுக்குப் பின்னால் "கோ" என்று சொல்லாமல் உட்கார்ந்தவள் எழுந்திருக்கக் கூடாது. "ஒரு தடவகூட கோ சொல்லாம எந்திரிச்சதில்ல மேடம்" என்றாள், பெருமையாக. அட, எனக்கு வேண்டியதும் அதுதானே.

ஜூலை 8

சைகைகளைச் சொல்லிக்கொடுத்தேன். நான் மூன்றாம் பேஸ் பக்கம் நிற்பேன். ஓடுகிறவள் பந்தைப் பார்க்கக் கூடாது, என் வலது கையைப் பார்க்க வேண்டும். காதைத் தொட்டால் நில். முழங்கையைத் தடவினால் பந்தை ஓங்கி அடிக்காதே, மட்டையை மெல்லக் காட்டி முன்னால் விழப் போடு. தொடையில் தட்டினால் ஓடு. ஆட்டத்தை வெளியே நின்று முழுசாகப் பார்க்கிறவள் நான்தான், அதனால் முடிவும் என்னுடையதுதான்.

கை சொல்லாமல் அசைந்தால் மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு. அதற்குப் பொய்க் காரணம் சொன்னால் இன்னொரு பத்து. போன வருஷம் இறுதி ஆட்டத்தில் ஒருத்தி சொந்த மூளையைப் பயன்படுத்தியதால்தான் தோற்றோம். இந்த வருஷம் மூளை எல்லாம் என்னிடம் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 3

பூக்காரி ஏமாற்றுகிறாள். நேற்றும் இன்றும் வாங்கிய மல்லிகையில் வாசமே இல்லை. வீட்டுக்காரர் வீடெல்லாம் மணக்கிறது என்கிறார். அவருக்கு ரசத்துக்கும் சாம்பாருக்கும்கூட வித்தியாசம் தெரியாது.

பேனாவையும் மாற்ற வேண்டும். எழுத்து சுருங்கிச் சுருங்கி வருகிறது.

ஆகஸ்ட் 19

தென்காசியில் நட்பு ஆட்டம். 9–2. முப்பிடாதி மட்டும் நான்கு ரன். தொடையில் விரல் படுவதற்குள் அவள் பாதி தூரம் போய்விடுகிறாள். என் கைக்கும் அவள் காலுக்கும் நடுவில் கயிறு கட்டியிருக்கிறதா என்று எதிர் டீம் மேடம் கேட்டார். வீட்டுக்கு வந்து இதை மூன்று தடவை சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் மூன்று தடவையும் கேட்டார், பாவம்.

செப்டம்பர் 11

வரிசையாக ஏழு வெற்றி. அலமாரியில் தட்டுத் துடைக்கச் சொல்லலாம்.

பிள்ளைகள் எல்லோருக்கும் காது மந்தமாகிவிட்டது. "என்ன மேடம் சொன்னிய?" என்று இரண்டு முறை கேட்காமல் ஒன்றும் ஏறுவதில்லை. நாள் முழுக்கக் காதில் ஹெட்போன். முன்பெல்லாம் நான் பேருந்து நிலையத்தில் கத்தினால் விடுதியில் எழுந்து உட்காருவார்கள்.

ஜாக்கெட் ஊக்கு மாட்ட இன்று வெகுநேரம் ஆயிற்று. ஊக்கு சரியில்லை, தையல்காரரைக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். "கை நடுங்குதே புஷ்பம்" என்றார். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் காபி குடித்தால் யாருக்கும்தான் நடுங்கும்.

அக்டோபர் 9

எழுதவே கை வரவில்லை, அவ்வளவு கோபம்.

கோவில்பட்டியில் ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸ், 3–3. முப்பிடாதி இரண்டாம் பேஸில். நான் ஒன்றுமே சொல்லவில்லை. கையைத் தொங்கவிட்டு நிற்கிறேன். திடீரென்று மூன்றாம் பேஸைப் பார்த்து ஓடி வருகிறாள்! கேட்சர் கையில் பந்து தயாராக இருக்கிறது. அவுட். அடுத்த இன்னிங்ஸில் தோற்றோம்.

"யாரக் கேட்டு ஓடுன?"

"நீங்க தட்டுனிய மேடம்."

"நான் தட்டல."

"தட்டுனிய மேடம். தொடையில. நாலஞ்சு தட்டு தட்டுனிய."

பதினைந்து பிள்ளைகள் முன்னால், எதிர் டீமும் பார்த்துக்கொண்டிருக்க, என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். அசைந்ததற்குப் பத்து, பொய்க்குப் பத்து என்றேன். இருபதும் ஓடினாள். மூன்று மணி வெயில். ஓடி முடித்துவிட்டு வந்து, மூச்சு வாங்க, "ஆனா தட்டுனிய மேடம்" என்றாள்.

டீமிலிருந்து எடுத்துவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்டோபர் 10

அவளுக்கு இலவச இடம் கொடுத்ததே நான். அந்த நன்றியாவது இருக்க வேண்டாமா?

அக்டோபர் 21

முப்பிடாதி இல்லாமல் இரண்டு ஆட்டம். இரண்டும் தோல்வி. பேஸில் நிற்கிற பிள்ளைகள் பயந்து பயந்து ஓடுகிறார்கள். நான் தட்டினால் உடனே ஓடுவதில்லை, ஷகிலாவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் தலையை லேசாக ஆட்டினால்தான் கால் நகர்கிறது. என்ன திமிர்! கேட்டால், "கழுத்து வலி மேடம்" என்கிறாள்.

அக்டோபர் 28

காலையில் ஷகிலா வந்தாள். கோவில்பட்டி ஆட்டத்தை அவள் தங்கச்சி போனில் எடுத்திருக்கிறாளாம். "என் பேட்டிங் சரியா இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க மேடம்" என்று அனுப்பிவைத்தாள்.

பார்த்தேன். அவள் பேட்டிங் அதில் இல்லவே இல்லை.

அக்டோபர் 29

எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 30

ஒன்றுமில்லை.

நவம்பர் 4

பாளையங்கோட்டையில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். தோள்பட்டைப் பிடிப்புக்காகத்தான் போனேன். நடக்கச் சொன்னார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தட்டச் சொன்னார். பூ வாசம் தெரிகிறதா என்று கேட்டார். பூக்காரியைப் பற்றி இவருக்கு யார் சொன்னது?

வீட்டுக்காரர்தான். மனுஷன் பையிலிருந்து இந்த நாட்குறிப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார்! எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே எழுந்து போயிருப்பேன். "நான் ஒரு வரிகூட வாசிக்கல புஷ்பம், எழுத்த மட்டுந்தான் பாத்தேன்" என்றார். ஜூன் பக்கத்தையும் அக்டோபர் பக்கத்தையும் டாக்டரிடம் காட்டினார். ஜூனில் ஒரு பக்கத்துக்குப் பதினாறு வரி. அக்டோபரில் முப்பத்திரண்டு. எறும்பு ஊர்ந்த மாதிரி.

டாக்டர் ஒரு பெயர் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. மாத்திரை உண்டு, நடை வேண்டும், நான்கு கோடு போட்ட நோட்டில் பெரிதாக எழுதிப் பழக வேண்டும், இன்னும் பல வருஷம் வேலை பார்க்கலாம் என்றார். வேலையில்லாமல் சும்மா இருக்கும்போதுதான் இந்தக் கை ஆடுமாம். நாமாக ஒன்றைச் செய்யும்போது ஆடாதாம். அதாவது நான் ஒன்றும் சொல்லாதபோது அது சொல்லும்.

திரும்பும்போது பேருந்தில் வீட்டுக்காரர் என் வலது கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். முப்பது வருஷத்தில் பேருந்தில் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை. விடச் சொல்லவில்லை.

நவம்பர் 10

முப்பிடாதியைக் கூப்பிட்டேன். விடுதியிலிருந்து ஓடியே வந்தாள். "போனது போகட்டும், உன்ன மன்னிச்சாச்சு. நாளைலேந்து வா" என்றேன்.

"சரி மேடம்" என்றாள்.

ஏதாவது சொல்வாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். அவளும் நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றாள். பிறகு மட்டைகளை அடுக்கப் போய்விட்டாள்.

நவம்பர் 11

மன்னித்தேன் என்று எழுதியிருப்பதை நேற்றிலிருந்து நான்கு முறை படித்துவிட்டேன். படிக்கப் படிக்க வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? கை ஆடுகிற கோச் மூன்றாம் பேஸில் நிற்கலாமா என்று சிஸ்டர் சிரித்துக்கொண்டே கேட்பார். ஜனவரியில் கோப்பை ஆட்டம் முடியட்டும்.

டிசம்பர் 2

புது ஏற்பாடு. இனிமேல் சைகை கிடையாது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். "எல்லா டீமும் நம்ம சைகையைக் கண்டுபிடிச்சிட்டாங்க. பந்தப் பாருங்க, நீங்களே முடிவு பண்ணி ஓடுங்க." நன்றாகத்தான் பொய் சொல்கிறேன். ஷகிலா மட்டும் பெருமூச்சு விட்டாள்.

கையை டிராக் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றேன். ஆறு வருஷத்தில் முதல்முறையாக என் டீம் ஆடுவதை வேடிக்கை பார்த்தேன். தப்புத் தப்பாக ஓடினார்கள். ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் தப்பு பாதியாகக் குறைந்தது. எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை.

முப்பிடாதிதான் ஓடமாட்டேன் என்கிறாள். பந்து காலடியில் உருண்டாலும் என் பையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கோ-கோவில் அடுத்தவள் சொல்லாமல் எழுந்ததே இல்லை. இங்கே ஒரு தடவை என் கை சொல்லி எழுந்ததற்கு இருபது ரவுண்டு. அவளைச் சொல்லி என்ன?

ஜனவரி 5

மாத்திரையால் வாய் கசக்கிறது. நான்கு கோடு நோட்டில் தினம் ஒரு பக்கம். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த 'ழ' சின்னது" என்று திருத்துகிறார். மின்வாரியத்தில் வேலை பார்த்த மனுஷனுக்கு இப்போது வாத்தியார் ஆசை.

ஜனவரி 22

பல்கலைக்கழகப் போட்டி, அரையிறுதி. 5–4 என்று தட்டுத் தடுமாறி ஜெயித்தோம். ஐந்தாவது இன்னிங்ஸில் முப்பிடாதி மூன்றாம் பேஸில் என் பக்கத்தில் நின்றாள். பந்து எதிராளி காலில் பட்டு எங்கோ போய்விட்டது. கிழவிகூட வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். இவள் நின்றாள். "ஓடுட்டி!" என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைத்தேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. ரன் போயிற்று.

பிறகு தண்ணீர் கொடுக்கும்போது கேட்டேன். "பந்து போறது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மேடம்."

"பின்ன ஏன் நின்ன?"

தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டியவளும் நான்தான். நாளைக்கு ஆட்டத்துக்கு முன்னால் சொல்லிவிடுவேன்.

ஜனவரி 23

சொல்லவில்லை. காலையில் வாய் வரை வந்தது, சிஸ்டர் வேனில் வந்து இறங்கிவிட்டார்.

நாகர்கோவில் டீமோடு இறுதி ஆட்டம். அவர்கள் நான்கு வருஷமாகக் கோப்பையை விட்டதில்லை. ஏழாவது இன்னிங்ஸ், கடைசிப் பாதி, எங்கள் பேட்டிங், 4–4. இரண்டு பேர் அவுட். மட்டையோடு ஷகிலா. மூன்றாம் பேஸில் முப்பிடாதி. என் வலது கை பைக்குள். உள்ளே அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

ஷகிலா மட்டையை வீசினாள், படவில்லை. பந்து கேட்சர் கையுறையில் பட்டுத் தெறித்து வேலிப் பக்கம் உருண்டது. ரொம்ப தூரம் இல்லை. ஓடினால் பிழைக்கலாம், மாட்டினாலும் மாட்டலாம். நானாக இருந்தால் தட்டியிருப்பேனா? சத்தியமாகத் தெரியாது.

முப்பிடாதி என் பையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பந்தைப் பார்த்தாள்.

ஓடினாள்.

பாதி வழியில் கேட்சர் பந்தை எடுத்துவிட்டாள். திரும்பிவிடுவாளோ என்று நினைத்தேன். அவளா திரும்புவாள்! காலை நீட்டிச் சறுக்கிக்கொண்டு போய் விழுந்தாள். புழுதி அடங்கும் வரை அம்பயர் கையைத் தூக்கவில்லை. பிறகு இரண்டு கையையும் விரித்தார், அவுட் இல்லை.

5–4. கோப்பை.

பிள்ளைகள் அவள்மேல் விழுந்து புரண்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் சிஸ்டர் போய்விட்டார். சேலையெல்லாம் புழுதி, சிஸ்டருக்கு அதெல்லாம் தெரியவில்லை. "கடைசி நேரத்துல என்ன தைரியம்! யார் உன்ன ஓடச் சொன்னா?" என்றார்.

முப்பிடாதி முட்டியில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, யோசிக்காமல் சொன்னாள்: "மேடம்தான் சிஸ்டர். தொடையில தட்டுனாவ."

சிஸ்டர் என்னைப் பார்த்து, "அதான பாத்தேன்" என்று கையைக் குலுக்கினார். வலது கையை. குலுக்கிவிட்டு விட்ட பிறகும் அது குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். பைக்குள் போட நினைத்தேன். போதும் என்று தோன்றிற்று. போடவில்லை.

"இன்னைக்கு நான் தட்டலட்டி" என்றேன். "கோவில்பட்டியிலதான் தட்டினேன்."

சத்தம் வந்ததா என்று சந்தேகம். இன்னொரு முறை சொன்னேன், பேருந்து நிலையத்துக்குக் கேட்கிற மாதிரி. "அன்னைக்கு என் கை தட்டுச்சு. எனக்கே தெரியாமத் தட்டுச்சு. வீடியோ பாத்த பெறகு தெரிஞ்சும் நான் சொல்லல. இவ பொய் சொல்லல. நான்தான் சொன்னேன். இன்னைக்கு இவளாத்தான் ஓடுனா சிஸ்டர்."

ஷகிலா குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள். அது கட்டித்தான் இருந்தது.

"தெரியும் மேடம்" என்றாள் முப்பிடாதி.

"எப்ப தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். நாந்தான பாத்துக்கிட்டு நின்னேன்."

"பின்ன ஏம்ட்டி இருபது ரவுண்டு ஓடுன?"

"நீங்க ஓடச் சொன்னிய, ஓடுனேன்."

அவளுக்கு அது சாதாரணமான பதில். அங்கேயே, எல்லார் முன்னாலும், அழுதுவிட்டேன். கோப்பைக்காக அழுகிறேன் என்று நாகர்கோவில் மேடம் வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வேனில் சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நோயின் பெயரைச் சொன்னேன். என் கையைப் பார்த்தார். பிறகு, "நாலு இடம் இருக்கும். மூணாம் பேஸ்ல யார் நிக்கணும்னு நீங்க முடிவு பண்ணுங்க" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

ஜனவரி 24

நான்கு கோடு நோட்டில் எழுதுகிற மாதிரி இங்கேயும் பெரிதாக எழுதுகிறேன்.

பார்கின்சன். எழுதிவிட்டேன்.

காலை ஆறரைக்கு மைதானத்துக்குப் போனேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். அதற்காக இல்லை. சொல்லாமல் அசைந்தால் பத்து, பொய் சொன்னால் பத்து, விதி நான் போட்டதுதான். அசைந்தது என் கை, பொய்யும் என்னுடையது. ஆக இருபது. இன்று பத்து, நாளை பத்து.

முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு முப்பிடாதி வந்து நின்றாள். "என்ன மேடம் பண்ணுதிய?" என்றாள். சொன்னேன். "ஐயோ, வேண்டாம் மேடம்" என்றாள். நீ போய்ப் படி என்றேன். போகவில்லை. கோடு போட்ட இடத்தில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள். வலது கை வீசவே மாட்டேன் என்றது. இடது கை மட்டும் வீசி நடந்தேன். நெருஞ்சி இன்னும் அங்கங்கே இருக்கிறது, தோட்டக்காரரைக் கேட்க வேண்டும்.

எட்டாவது ரவுண்டு முடிந்து வந்தபோது அவள் எழுந்து நின்று, "பத்து மேடம்" என்றாள்.

"எட்டுதாம்ட்டி" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். பிறகு உட்கார்ந்து எட்டிலிருந்து மறுபடி எண்ணினாள். மீதி இரண்டும் நடந்து முடித்தேன்.